பினாங்குக்கு மூன்று நடை

நான் பினாங்கு போனதில்லை. பாஸ்போர்ட் எடுத்ததே போன வருடம்தான். ஆனால் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலை மூன்று தடவை கையில் எடுத்திருக்கிறேன்: 19 வயதில், 34 வயதில், போன ஐப்பசி மழைக்குள் 51 வயதில். முதல் தடவை காதல் வருகிற பக்கங்களை மட்டும் பொறுக்கிப் படித்தேன். இரண்டாவது தடவை பரீட்சைக்காகப் படித்து, பாதியில் மூடிவைத்தேன். மூன்றாவது தடவைதான் சும்மா படித்தேன். அந்தச் ‘சும்மா’வுக்கு வந்துசேர எனக்கு 32 வருடம் பிடித்திருக்கிறது. என்னைப் போலக் கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள், ‘எனக்கு நாவலெல்லாம் ஓடாது’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு இது உதவலாம்.

1993-ல் காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் வருடம். ஏதாவது ஒரு சரித்திர நாவல் படித்து ஐந்து பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். வகுப்பே சோழநாட்டுக்குக் கிளம்பிவிட்டது. குதிரையும் சுரங்கப்பாதையும் உள்ள தடித்த புத்தகமெல்லாம் ஒரே மத்தியானத்தில் காலி. நான் போனபோது அட்டை போய், காக்கிக் காகிதம் ஒட்டித் தைத்த மெலிந்த புத்தகம் ஒன்றுதான் கிடைத்தது. நூலகர் முத்திரை குத்தியபடியே, “இதும் பழைய காலத்துக் கதைதான் தம்பி. எழுதுனவர் சிங்கம்புணரிக்காரர், நம்ம பக்கத்து ஊரு” என்றார்.

ஏமாற்றமாகத்தான் இருந்தது. ராஜா இல்லை, வாள் இல்லை. வட்டிக்கடை, பெட்டியடி, அடுத்தாள், செட்டித்தெரு. இதைப் படிக்கவா கல்லூரிக்கு வந்தோம்? எங்கள் தெருவிலேயே இந்தப் பேச்சுத்தானே! ஆனால் கதையில் செல்லையா என்று ஒருவன் இருந்தான். வட்டிக்கடையில் வளர்ந்து, யுத்தத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, சண்டை முடிந்து பினாங்குக்குத் திரும்பி வருகிறவன். முதலாளி வானாயீனாவின் மகள் மரகதம். அது போதுமே எனக்கு. மரகதம் வருகிற இடத்தையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். நடுவில் வந்த கணக்கு வழக்குப் பேச்சை, கல்யாண வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கடந்து பந்திக்குப் போவது மாதிரிக் கடந்துபோனேன். முதலாளி பெண் தர மறுத்ததும், அவரை வாய்க்கு வந்தபடி திட்டி ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தேன். பத்துக்கு ஆறு.

அப்போது சிங்காரம் உயிரோடு இருந்தார். மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக இருந்தார். இங்கிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். 1997-ல் போய்விட்டார். அவர் அங்கே இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்றால், அதையும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

இரண்டாவது தடவை 2008-ல். தபால்வழி எம்.ஏ. தமிழ். இப்போது சொந்தப் புத்தகம். சிங்காரத்தின் இரண்டு நாவல்களும் சேர்ந்த கெட்டி அட்டைப் பதிப்பு. பென்சிலும் அடிக்கோலுமாக உட்கார்ந்தேன். அடிக்கோல் பிடித்து நாவல் படிக்கிற ஆள் எப்படி உருப்படுவான்? மலாய்ச் சொல் ஒவ்வொன்றையும் வட்டம் போட்டேன். ஓரத்தில் ‘முக்கியம்’ என்று எழுதினேன். ‘ஐ.என்.ஏ. — 1943’ என்று ஒரு பெட்டி கட்டினேன். முன்னுரையை மூன்று முறை படித்தேன், பரீட்சைக்கு அதுதான் லாபம் என்பதால். முன்னுரையிலேயே கதை முழுக்க வந்துவிட்டதால், நாவலுக்குள் போனபோது எல்லாம் ஏற்கெனவே தெரிந்த துக்கமாக இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். பாஸ் பண்ணினேன், அது வேறு விஷயம்.

என் முதல் யோசனை இதிலிருந்துதான்: தமிழில் பழைய நாவலை மறுபதிப்பாக வாங்கினால் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். நம் முன்னுரைக்காரர்கள் நல்லவர்கள், படித்தவர்கள், ஆனால் வாய் நிற்காது. யார் சாகிறார்கள், யார் யாரைக் கட்டவில்லை என்பதையெல்லாம் மூன்றாவது பத்தியிலேயே போட்டு உடைத்துவிடுவார்கள். மூன்றாவது தடவை, நாவல் முடிந்த மறுநாள் அதே முன்னுரையைப் படித்துப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரரோடு படம் விட்டு வரும்போது பேசிக்கொண்டு வருவதுபோல் இருந்தது.

மூன்றாவது நடைக்கு நாவல் காரணமில்லை, ஒரு பெட்டி காரணம்.

பள்ளத்தூரில் எங்களுக்குப் பழக்கமான ஒரு ஆச்சி. வயது 87. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டின் இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து மழைத் தண்ணீர் இறங்கியதால், அங்கே இருந்த காகிதங்களைப் பிரித்து உலர்த்தித் தர ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மங்குச் சாமான்களுக்கும் இற்றுப்போன வெற்றிலைப் பெட்டிக்கும் நடுவில், முழங்கால் உயரத்தில், சாய்வான மூடி போட்ட ஒரு மரப்பெட்டி. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் மூடி சரியாக மார்புக்கு நேரே வரும். மேலே வைத்து எழுதலாம், உள்ளே பணம் வைக்கலாம்.

“இது எங்க மாமனார் ரெங்கோன்ல வச்சிருந்தாக. இதுக்கு முன்னால உக்காந்தாத்தான் அவுகளுக்கு எழுத்தே ஓடும்பாக” என்றார் ஆச்சி.

நான் உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் ‘பெட்டியடி’ என்ற சொல் எனக்கு முதல்முறையாக ஒரு இடமாகத் தெரிந்தது. அதுவரை அது வெறும் சொல். பெட்டிக்கு அடியில், அதாவது பக்கத்தில், கூப்பிட்ட குரலுக்கு எழுந்து ஓட வசதியாக ஒரு பையன் உட்கார்ந்திருப்பான், பெட்டியடிப் பையன். தண்ணீர் கொண்டுவருவான், கடிதம் கொண்டுபோவான், முதலாளிக்கு வெற்றிலை மடிப்பான், அடி வாங்குவான். அவனுக்கு மேலே அடுத்தாள். அவருக்கு மேலே மேலாள். ஒரே நீளக் கூடத்தில், கிட்டங்கி என்பார்கள், பல விலாசக்காரர்கள், அதாவது வெவ்வேறு கடைக்காரர்கள், வரிசையாகப் பெட்டியும் அலமாரியும் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பகலில் அதுவே கடை. ராத்திரி பாயை விரித்தால் அதுவே படுக்கை. மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊர் பார்க்க முடியும்.

என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, 1937-ல் 17 வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். அந்தக் கடல்வழியில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆளை ஏற்றி இறக்கிய ‘ரஜூலா’ கப்பல் 1926-ல் ஓட ஆரம்பித்து 1973 வரைக்கும் ஓடியது என்று... இல்லை, எண்ணிப் பார்த்தால் 47 வருடம்தான் வருகிறது. பார்த்தீர்களா, கணக்கெழுதுகிறவனே ‘அரை நூற்றாண்டுக்கும் மேல்’ என்று அளக்கிறான். நாவல் படிக்கிறவனுக்கு வருகிற வியாதி இது. அந்த வியாதியைப் பற்றிப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

பெட்டியைப் பார்த்துவிட்டு வந்த இரவே அலமாரியில் இருந்த புத்தகத்தை எடுத்தேன். முதல் காரியமாக, ரப்பர் வாங்கிவந்து 2008-ம் வருடத்துப் பென்சில் கோடுகளை அழித்தேன். சிரிக்காதீர்கள். ஒரு ராத்திரி முழுக்க ஆனது. ‘முக்கியம்’ என்று எழுதியிருந்த இடங்களில் பாதிக்கு ஏன் முக்கியம் என்று எனக்கே தெரியவில்லை. ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்ததில் காகிதம் கிழிந்து மரகதத்தின் ஒரு வாக்கியம் போய்விட்டது. ஆனால் அழித்த பிறகு பக்கம் வெள்ளையாக இருந்ததே, அந்தச் சுகம் தனி. பரீட்சைக்காக ஒருமுறை படித்த புத்தகத்தை ஆசையாகப் படிக்க வேண்டுமானால், கோட்டை அழியுங்கள், இல்லையென்றால் வேறு பிரதி வாங்குங்கள். கோடு போட்ட புத்தகம் நம்மைக் கோட்டிலேயே நடக்க வைக்கும்.

அடுத்தது, சொல். சிங்காரத்தின் எழுத்தில் மலாயும் டச்சும் சீனமும் செட்டித்தெருத் தமிழும் கலந்து வரும். தவுக்கே, துவான் என்று வந்துகொண்டே இருக்கும். இம்முறை ஒன்றையும் தேடவில்லை. கப்பலிலிருந்து அப்போதுதான் இறங்கிய பையனுக்கு மட்டும் அந்தச் சொல்லெல்லாம் தெரிந்தா இருந்தது? அவன் எப்படி அடி வாங்கி, சிரிப்புக்கு ஆளாகி, நாலு தடவை காதில் விழுந்த பிறகு புரிந்துகொண்டானோ, நானும் அப்படியே புரிந்துகொள்வது என்று விட்டுவிட்டேன். முப்பது பக்கம் கடந்ததும் தவுக்கே யார் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஒரு சின்னப் பையன் பெரியவனாகிற கதையில், வாசிப்பவனும் கொஞ்சம் திருதிருவென்று முழித்தால்தான் ருசி. எல்லாம் தெரிந்துகொண்டு உள்ளே போனால் அவனோடு சேர்ந்து வளர இடமில்லாமல் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், கடல் தாண்டி வந்த சாமான்களிலேயே நாம் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறோம். கவுனி அரிசிக்குப் பர்மா வழி. கூடத்துத் தூணுக்குப் பர்மாத் தேக்கு. கட்டியிருக்கிற கைலிக்கும் அந்தப் பக்கத்து வழிதான். செட்டிநாட்டில் உட்கார்ந்து இந்த நாவலைப் படிக்கிறவருக்கு அகராதியே வேண்டாம், சமையற்கட்டுக்குள் ஒரு நடை போய்வந்தால் போதும்.

வருடங்களையும் அதேபோலத்தான் விட்டேன். 2008-ல் முதலில் யுத்தத்தின் தேதிப் பட்டியலைப் போட்டுக்கொண்டுதான் நாவலைத் திறந்தேன்: 1941 டிசம்பரில் பினாங்கில் குண்டு, அந்த மாதமே ஊர் ஜப்பான்காரன் கையில், 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது, 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தது, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரண். எல்லாம் சரியான தேதிகள். ஆனால் அந்தப் பட்டியலோடு படிக்கும்போது அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்பது செல்லையாவை விட எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. இம்முறை தேதிக்குப் பதிலாக வயதைப் பிடித்துக்கொண்டேன். இப்போது இவனுக்கு என்ன வயது? இந்த வயதில் ஊரில் இருந்திருந்தால் என்ன செய்துகொண்டிருப்பான்? என் ஐயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1937-ல் 17 என்றால் முதல் கணக்கு முடிந்து ஊருக்கு வந்து பெண் பார்க்க வேண்டியது 1940 வாக்கில். ஏதோ காரணத்தால் தள்ளிப்போயிருக்கிறது. அடுத்த வருடம் கப்பலே நின்றுவிட்டது. 21 வயதில் அடைபட்டவர் ஊர் திரும்பியபோது 26. பட்டியலில் ஒரு வரியாக இருந்த யுத்தம், இப்படிப் பார்த்தபோது ஒரு மனிதனின் கல்யாண வயதை விழுங்கிய விஷயமாகத் தெரிந்தது.

படிக்கும் நேரத்தையும் மாற்றினேன். முன்பெல்லாம் படுக்கையில் படிப்பேன், நாலு பக்கத்தில் புத்தகம் மூக்கில் விழும். இப்போது வேலை முடிந்து வந்து, குளித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் திண்ணையில் முக்கால் மணி நேரம். செல்போன் உள்ளே சார்ஜில். ஒரு நாளைக்கு இருபது பக்கம். அதற்கு மேல் ஆசை இருந்தாலும் மூடிவிடுவேன். அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்த மாட்டேன், பேச்சின் நடுவில் நிறுத்துவேன். மறுநாள் அந்தப் பேச்சு முடிந்ததா என்று பார்க்கவாவது கை தானாகப் புத்தகத்துக்குப் போகும். உரையாடல்களை வாய்விட்டுப் படித்தேன். அதில் ஒரு சங்கடம் உண்டு: தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருநாள் பால்காரர், “யாரோட சண்டை போடுறீக?” என்று கேட்டார். ஆனால் சிங்காரத்தின் பேச்சு வழக்கைக் கண்ணால் படிப்பது, பாட்டை நோட்டுப் புத்தகத்தில் பார்ப்பது மாதிரி. வானாயீனா கணக்கைப் பற்றிப் பேசுவதை நாக்கில் போட்டுப் பார்த்தால்தான் அதற்குள் இருக்கிற மிரட்டலும் கரிசனமும் தனித்தனியாகக் கேட்கும்.

19 வயதில் நான் தாண்டிப்போன கணக்குப் பேச்சு இருக்கிறதே, இம்முறை அதில்தான் உட்கார்ந்துவிட்டேன். தொழில்புத்தி, என்ன செய்ய? ஜப்பான்காரன் அடித்துவிட்ட நோட்டு ஒன்று உண்டு, வாழைமரம் போட்டது. கொடுத்த கடனை அந்த நோட்டில் திருப்பிக் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஆட்சி அவன் ஆட்சி. வாங்கிப் பெட்டியில் போட்டால் 1945-க்குப் பிறகு அது வெறுங்காகிதம். அசலும் போச்சு, வட்டியும் போச்சு, ஆனால் பேரேட்டில் ‘வரவு’ என்று எழுதியாகிவிட்டது. ஒரு தலைமுறையே கணக்கைச் சரியாக எழுதி நஷ்டப்பட்டிருக்கிறது. இதை நினைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் அலுவலகத்தில் ‘வராக் கடன்’ என்று ஒரு தலைப்பு எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.

ஆச்சி வீட்டுக் காகிதங்களிலும் அதே கதைதான், பர்மா பக்கத்தில். 1941 டிசம்பர் 23-ல் ரெங்கோனில் குண்டு விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள். ஆச்சிக்கு அப்போது மூன்று, நான்கு வயது. நான் முதலில் படித்தவன் தோரணையில், “யுத்த காலத்தைப் பத்திச் சொல்லுங்க ஆச்சி” என்று கேட்டேன்.

“எனக்கென்ன தம்பி தெரியும், சின்னப் புள்ளை” என்று முடித்துவிட்டார்.

பிறகு ஒருநாள் நாவலில் கடிதம் பற்றி ஏதோ வந்தது. அதை வைத்துக்கொண்டு, “ஆச்சி, காயிதம் வராம இருந்தப்ப வீட்டுல என்ன பண்ணுனீங்க?” என்றேன். பிடித்துக்கொண்டார். தபால்காரர் எந்த நேரத்தில் முகப்புக்கு வருவார், வராத நாளில் ஆச்சியின் அப்பத்தா எந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், ‘நல்லா இருக்காக’ என்று யாரோ யாரிடமோ சொல்லியனுப்பிய செய்தி நாலு ஊர் சுற்றி எப்படி வந்தது, அதை நம்பிப் பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போனது எல்லாம் வந்தது. ஒரு மணி நேரம். பழங்காலம் பற்றிப் படிப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்: வீட்டுப் பெரியவர்களிடம் வரலாற்றைக் கேட்காதீர்கள். பொருளைக் கேளுங்கள், சாப்பாட்டைக் கேளுங்கள், தபால்காரரைக் கேளுங்கள்.

இனி அந்த வியாதிக் கதை.

நாவலில் மூழ்கி இருபது நாள் ஆகியிருக்கும். என் ஐயாவும் பினாங்கு, செல்லையாவும் பினாங்கு. என் ஐயாவும் வட்டிக்கடை, அவனும் வட்டிக்கடை. வயதும் ஏறக்குறைய சரி. ஐயா 1946-ல்தான் திரும்பினார். நடுவில் என்ன செய்தார் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. எனக்குள் ஒரு கணக்கு நேர்ந்துவிட்டது: ஐயா பட்டாளத்தில் இருந்திருக்கிறார்! இல்லாவிட்டால் ஏன் அவ்வளவு நிமிர்ந்து நடப்பார்? (எனக்குப் பத்து வயதிருக்கும்போது இறந்துபோனவர். அவர் நடை எனக்கு எவ்வளவு ஞாபகமிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.) உறவில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில், பத்துப் பேருக்கு நடுவில், ‘நேதாஜி படையில் எங்க ஐயா’ என்று ஆரம்பித்து, நாவலில் இருந்த காட்டுப் பாதையையெல்லாம் ஐயாவின் காலடியில் போட்டு, அரைமணி நேரம் பேசினேன். ஒரு சின்னப் பையன் செல்போனில் பதிவு செய்துகொண்டான்.

என் அயித்தை, ஐயாவின் மூத்த மகள், 77 வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “பட்டாளமா? அவுகளா? வெடிச்சத்தம் கேட்டா தீவாளிக்கே உள்ள போயி உக்காந்துக்குவாக. சப்பான்காரன் இருந்த காலத்துல மரவள்ளிக் கெழங்கு போட்டு, அதத் தின்னு, அத வித்துப் பொழைச்சாக. அதான் இங்க வந்தப்பறம் சாகுற மட்டும் மரவள்ளிய வீட்டுக்குள்ள விடல. ஒனக்கு யாருடா இதச் சொன்னது?”

நாவல் சொன்னது என்று எப்படிச் சொல்வது?

கூட்டம் சிரித்ததுகூடப் பெரிதில்லை. எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வாங்குவதில்லை என்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ‘வாயு’ என்று காரணம் சொல்வார்கள். அந்த வாயு 1942-லிருந்து வந்தது என்பதைச் சொல்ல அயித்தை இத்தனை வருடம் காத்திருந்திருக்கிறார், யாரும் கேட்காததால். நான் அவரிடம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு வாயைத் திறந்திருக்க வேண்டும். நாவல் ஒரு காலத்தின் வாசனையைக் கொடுக்கும். நம் தாத்தா அங்கே எந்த மூலையில் நின்றார் என்பதைக் கொடுக்காது. நம் குடும்பத்துக்குப் பொருத்திப் பார்க்கும் ஆசை வந்தால் பொருத்திப் பாருங்கள், தப்பில்லை. பந்தியில் மட்டும் பேசாதீர்கள். அந்தச் செல்போன் பதிவு இன்னும் எங்கோ இருக்கிறது.

இன்னொன்றும் தோன்றியது. நான் இதைச் ‘சரித்திர நாவல்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது 1959-ல் புத்தகமாக வந்தபோது யுத்தம் முடிந்து 14 வருடம்தான் ஆகியிருந்தது. சிங்காரம் 1938-ல் 18 வயதில் சுமத்ராவில் உள்ள மேடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போய், 1946-ல் திரும்பியவர். அவர் எழுதியது நேற்று நடந்ததை. அது சரித்திரம் ஆனது நமக்குத்தான். அதனால்தான் அதில் விளக்கம் குறைவு. கிட்டங்கி எப்படி இருக்கும் என்று அவர் நின்று வருணிப்பதில்லை. படிக்கிறவருக்குத் தெரியும் என்று நினைத்து எழுதியிருக்கிறார். ராஜா காலத்தை ஆராய்ந்து எழுதும் நாவலில் ஆசிரியர் நம் கையைப் பிடித்து அரண்மனையைச் சுற்றிக் காட்டுவார். இதில் அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்துபோய்விடுவார், நாம் ஓடிப்பிடிக்க வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது.

சிலர் நேராகப் ‘புயலிலே ஒரு தோணி’யில் ஆரம்பிக்கிறார்கள், பேர் பெற்றது அதுதான் என்பதால். 1972-ல் வந்த அந்த நாவலில் நாயகன் பாண்டியன், மேடான், கடல், புயல் எல்லாமே பெரிய அளவு. நான் கேட்டால் சொல்வேன்: முதலில் ‘கடலுக்கு அப்பால்’. செட்டித்தெருவில் கொஞ்சம் பழகிவிட்டுப் பிறகு தோணியில் ஏறுங்கள். எடுத்த எடுப்பில் தோணியில் ஏறி முதல் ஐம்பது பக்கத்திலேயே குமட்டி இறங்கிய நண்பர்கள் எனக்கு இரண்டு பேர் உண்டு.

புத்தகம் கிடைக்குமா என்று இந்தப் பக்கத்தில் கேட்பதே எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியாளாக ஒரு லட்சத்துக்குக் குறையாமல் புத்தகமும் பத்திரிகையும் நோட்டீசும் சேர்த்துவைத்த மண் இது. 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. சினிமா நோட்டீசைக்கூட எறியாமல் வைத்திருந்த மனிதரின் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பரண் மேல் இருக்கும் காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடுகிறோம். ஆச்சி வீட்டுப் பேரேடுகளில் நாலை அப்படித்தான் யாரோ போட்டுவிட்டார்கள். மிச்சத்தை இப்போது வேப்பிலை போட்டுத் துணியில் கட்டி வைத்திருக்கிறோம்.

கடைசியாக, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கும் விஷயம்.

பெண் கேட்கும் விவகாரத்துக்கு மூன்றாவது தடவை வந்து சேர்ந்தேன். பட்டாளத்துக்குப் போய்த் துப்பாக்கி பிடித்துவிட்டு வந்தவன் இனி வட்டித்தொழிலுக்கு ஆக மாட்டான் என்பது வானாயீனாவின் கட்சி. 19 வயதில் இந்த இடத்தில்தான் அவரைத் திட்டினேன். இம்முறை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினேன். அவர் பேசுவது எனக்கு நியாயமாகப் பட்டது. அதுமட்டுமில்லை, ஏறக்குறைய அதே பேச்சை நானே பேசியிருந்தேன், அதே மாதத்தில், என் வீட்டுக் கூடத்தில். என் மகளுக்கு 24 வயது, சென்னையில் வேலை. கூட வேலை பார்த்த பையன் ஒருவன். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு சொந்தமாக ஏதோ ஆரம்பித்திருக்கிறான். “பொறுப்பானவன்தான்ப்பா” என்றாள். “ஒரு எடத்துல நெலச்சு நிக்காதவன் கணக்கு என்னைக்கும் நேராகாதும்மா” என்றேன். அப்போது நல்ல வாக்கியமாகத்தான் இருந்தது.

புத்தகத்தை மூடிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வானாயீனா கெட்டவர் இல்லை. செல்லையாவைக் கண்ணெதிரே வளர்த்தவர். பாசம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டியில். இதெல்லாம் 19 வயதில் எப்படித் தெரியும்? நானும் அன்றைக்குச் செல்லையாவைப் போலத்தான் இருந்தேன். வளர்ந்து ஆளாகிற கதைகளை ஒருமுறை இளவட்டத்தில் படித்துவிட்டு, பிள்ளை பெற்ற பிறகு இன்னொருமுறை படிக்கச் சொல்லி நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரணம் கேட்டால் இதைச் சொல்வதில்லை.

மகள் பொங்கலுக்கு வந்தாள். அந்தப் பையனைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அலமாரியில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “இதையா ரப்பர் போட்டு அழிச்சீங்கன்னு அம்மா சொன்னாக?” என்று எடுத்துக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பும்போது பையில் இருந்தது. பல்லவன் ரயிலில் ஏற்றிவிடப் போனபோது, வானாயீனாவைப் பற்றி முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்று, “அதுல வர்ற முதலாளி இருக்காரே...” என்று ஆரம்பித்தேன்.

“அப்பா, கதையைச் சொல்லாதீங்க. நானே படிச்சுக்கிறேன்” என்றாள். வண்டி நகர்ந்துவிட்டது. மானாமதுரையா திருச்சியா, எந்தப் பக்கம் போகிற வண்டி என்று ஒருவர் என்னைக் கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது: “46-ம் பக்கம். தவுக்கேன்னா யாரு?”

நான் சொல்லவில்லை.